கல்யாண மண்டபத்தில் இங்கிலீஷ் வகுப்பு

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்கள் காலி. அந்த ஒரு புண்ணியத்தில்தான் அரிமளத்தில் எனக்கு வகுப்பறை கிடைத்தது. சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருஷமாக, கட்டட வேலைக்கு வரும் நம்ம ஆட்களுக்கு அவர்கள் தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த மாவட்டத்துக்கு வந்தும் சாப்பாட்டுக் கூடம்தான். என் ராசி அப்படி.

கூப்பிட்டவன் ரவிச்சந்திரன். புதுக்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது அரிமளத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். “மாப்ள, சிங்கப்பூர்ல வயசானவங்களப் பாத்துக்கிற ஹோம் ஒண்ணுக்கு ஆள் எடுக்குறாங்க. இங்கிட்டு பன்னெண்டு பேரு ரெடியா இருக்காங்க. எல்லாரும் நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் முடிச்சவங்க. வாயத் தொறந்து இங்கிலீஷ் பேசத்தான் வரல. ஞாயித்துக்கெழம இன்டர்வியூ. ஆறு நாளு நீ வந்து ஒக்காந்தா தேத்திப்புடலாம்” என்றான். நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்காதவனுக்கு அது ஒரு நல்ல சாக்கு. லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து வந்த பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. நான் பிறந்த குளத்தூர் பக்கத்தில்தான், ஆனால் அங்கே போய் நிற்க இப்போது எனக்கு வீடு இல்லை. சிங்கப்பூரில் ரயில் ரெண்டு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே, கேட்காமல் இறங்கியதற்காகக் கண்டக்டர் எங்களைத் திட்டினார். அரை மணி நேரம் கழித்து, ஏன் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மிச்சம் இருந்தவர்களைத் திட்டினார்.

புளியமர நிழலில் என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் மடியிலிருந்த அவித்த கடலைப் பொட்டலத்தை நீட்டி, “எடுத்துக்கங்க தம்பி” என்றார். நல்ல பசி. ஒரு கை அள்ளிக்கொண்டேன். அவர் பொட்டலத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். “தம்பி வெளிநாட்டுல இருக்கீங்களோ?” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சும்மா தோணுச்சு என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை ரவி என்னைப் புதுக்கோட்டையில் ஒரு தள்ளுவண்டிக்கு அழைத்துப்போய் முட்டை மாஸ் வாங்கிக்கொடுத்தான். அவித்த முட்டையைக் கண்டதுண்டமாக வெட்டி, வெங்காயம், மசாலாவோடு கல்லில் போட்டுக் கொத்திக் கொடுக்கிறார்கள். ரெண்டு தட்டு தின்றேன். சிங்கப்பூரில் ஊர்ச் சாப்பாடு என்று போர்டு மாட்டிய எத்தனையோ கடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன், ஆம்லெட்டைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தால் பன்னிரண்டு பேரும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நீள மேசையின் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பெண்கள், மூன்று ஆண்கள். எல்லோர் கையிலும் ரவி கொடுத்த ஜெராக்ஸ் தாள். இருபது கேள்வி, இருபது பதில். உங்கள் பலம் என்ன என்று ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்கும் கடின உழைப்பே பலமாக இருந்தது. பலவீனம் என்ன என்றேன். அதுவும் கடின உழைப்புதான் என்று ஒருவர் இரண்டு பதிலையும் குழப்பிச் சொன்னார். தாள்களையெல்லாம் வாங்கி மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ரவிக்கு முகம் சுருங்கிப்போனது, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து டைப் அடித்தவன் அல்லவா.

நாற்காலிகளை எதிரெதிரே போடச் சொல்லி இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். முகம் பார்த்து உட்கார்ந்தாலே பாதி பேச்சு வந்துவிடும். அப்புறம் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். புதிய வாத்தியார்களுக்கு இதுதான் கஷ்டம். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஒரு விநாடி பொறுக்கமாட்டார்கள், அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் மனசுக்குள் ஏழு வரைக்கும் எண்ணுவேன். நாலில் ஒருவர் இருமினார். ஆறில் கலைவாணி வாயைத் திறந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் மூன்று வருஷம் இருந்தவர், கூச்சம் கொஞ்சம் விட்டிருந்தது. பேசும்போது நடுவில் யாரையும் திருத்தவில்லை. தப்பையெல்லாம் நோட்டில் குறித்துவைத்து, சாயங்காலம் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதிப்போட்டேன். அவரவர் தப்பை அவரவரே கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நடிப்பு. ஒருவர் எண்பது வயதுக்காரர், இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்பவர். கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், எல்லாம் இங்கிலீஷில். கலைவாணி முதியவராக நடித்து, மாத்திரை வேண்டாம் என்று ஒரே அழிச்சாட்டியம். எதிரே இருந்தவர் மரியசெல்வி. கலைவாணியின் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து மெதுவாக நிமிர்த்தி, “மெதுவா, மெதுவா. நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று இங்கிலீஷில் சொன்னார். இரண்டே சின்ன வாக்கியம். அழிச்சாட்டியத்தை மறந்து கலைவாணி மாத்திரைக்குக் கையை நீட்டினார். வேலைக்கு எடுக்க ஒரே ஒரு ஆள் என்றாலும் இவரைத்தான் எடுப்பார்கள் என்று அன்றைக்கே ரவியிடம் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டில்தான் அவரோடு பேசினேன். முப்பத்தொரு வயது. ஜெகதாப்பட்டினம். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, இந்த ஒரு வாரத்துக்கு அரிமளத்தில் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தார். வீட்டுக்காரர் கடல் தொழில். போன வருஷம் எல்லை தாண்டினதாகப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு மாதம் அந்தப் பக்கத்து ஜெயிலில் வைத்திருந்தார்களாம். ஆள் வந்துவிட்டார், படகு வரவில்லை. இப்போது அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போகிறார்.

“அவுக கடலுக்குப் போன அன்னைக்குப் போன் அடிச்சா, அடிச்சு ஓயட்டும்னு விட்டுருவேன் சார். எடுக்கவே பயமா இருக்கு. நான் மட்டும் அங்கிட்டு வந்துட்டேன்னா அவுகளக் கரையில ஒக்கார வச்சிருவேன். பிள்ளைகளப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

“அவர் சரின்னு சொல்லுவாரா?”

“நீ போ, நான் கடல்ல எறங்கலங்குறாக. வேல கெடச்சாத்தானே சார் அதெல்லாம்.”

கிடைக்கும்மா என்று சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

புதன்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். டீக்கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வந்தது. ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு டம்ளர்தான் வைத்தேன், வேண்டுமென்றேதான். கையில் நிஜப் பொருள் இருந்தால் வாயில் நிஜப் பேச்சு வரும் என்பது என் கட்சி. டீ வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்பேன். ‘எஸ், ப்ளீஸ்’ என்றோ ‘நோ, தேங்க் யூ’ என்றோ பதில் சொல்ல வேண்டும். ஒருவர்கூட எஸ் சொல்லவில்லை. வரிசையாக நோ தேங்க் யூ, அதுவும் அழகாக, சிரித்த முகத்தோடு. மரியசெல்வியிடம் வந்தபோது அவர் இன்னும் ஒரு படி மேலே போய், “நோ, தேங்க் யூ சார். ப்ளீஸ் கிவ் ஹெர்” என்று கலைவாணியைக் காட்டினார். நான் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டு, பன்னிரண்டு பேரையும் சேர்ந்து மூன்று முறை சொல்ல வைத்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்புறம் தமிழில், “அட எடுத்துக்குங்கம்மா, குடிங்கப்பா” என்று இரண்டு தரம் சொன்ன பிறகு குடித்தார்கள்.

வியாழக்கிழமை பக்கத்து அம்மன் கோயிலில் காலையிலேயே ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. ரவி போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். அவர்கள் மரியாதையாக ஸ்பீக்கரை எங்கள் பக்கத்திலிருந்து திருப்பிவைத்துவிட்டு, இன்னொன்றை எங்கள் பக்கம் கட்டினார்கள். சரி, இதுவும் நல்லதற்குத்தான் என்று, காதில் விழாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பது எப்படி, புரியாவிட்டால் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்பது எப்படி என்று அன்றைக்குப் பூராவும் அதையே நடத்தினேன். இரைச்சலில் உண்மையாகவே காது கேட்காததால் எல்லோரும் உண்மையாகவே கேட்டார்கள். மதியம் கோயிலில் ஊற்றிய கூழை வாங்கி, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தோம். என் வாழ்க்கையில் நான் நடத்திய நல்ல வகுப்புகளில் அது ஒன்று என்று இப்போதும் நினைக்கிறேன்.

வெள்ளியும் சனியும் ஒத்திகை. ரவி தன் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்தான். பட்டன் மாட்ட முடியவில்லை. கஷ்டமான கேள்வியாகத் தேடித்தேடிக் கேட்டோம். நோயாளி அடித்தால் என்ன செய்வீர்கள், கீழே விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள், வீட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வீர்கள். சுலபமான கேள்விக்கு எதற்கு ஒத்திகை என்று நினைத்தேன். ‘வேண்டுமா’ என்ற கேள்வியை அந்த இரண்டு நாளும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜின் சின்ன ஹாலில் இன்டர்வியூ. அரிமளத்திலிருந்து ஒரே வேனில் எல்லோரும் போனோம். வழியில் வேனை நிறுத்தி இட்லி சாப்பிடச் சொன்னால் ஒருவருக்கும் இறங்கவில்லை. வந்திருந்த அதிகாரி ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. நல்ல மாதிரியாகப் பேசினார். நான் மூலையில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார். இரண்டிரண்டு பேராக உள்ளே அழைத்தார். முதல் ஐந்து ஜோடியில் மூன்று பேரிடம், உங்களை எடுத்தாயிற்று என்று நேராகச் சொல்லிவிட்டார். கடைசி ஜோடி மரியசெல்வியும் கலைவாணியும்.

இரண்டு பேரும் நன்றாகப் பேசினார்கள். மரியசெல்வி பேசியபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் பேனாவை மூடிவைத்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

“அடுத்த மாதக் குழுவில் எனக்கு இன்னும் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. இதை விட்டால் மறுபடி எப்போது ஆள் எடுப்போம் என்று சொல்ல முடியாது. மரியசெல்வி, இந்த இடம் உங்களுக்கு வேண்டுமா?”

மரியசெல்வி பக்கத்தில் இருந்த கலைவாணியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்து, அழகாக, தெளிவாகச் சொன்னார்: “நோ, தேங்க் யூ மேடம். ப்ளீஸ் கிவ் ஹெர்.”

சொல்லிவிட்டு அதே சிரித்த முகத்தோடு காத்திருந்தார். மறுபடி கேட்பார்கள் என்று காத்திருந்தார். எனக்கு அது தெரிந்தது, மறுபடி கேட்கமாட்டார்கள் என்பதும் தெரிந்தது, அந்த ஹாலில் இரண்டும் தெரிந்தவன் நான் மட்டும்தான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு கலைவாணியிடம் திரும்பி, உங்களுக்கு வேண்டுமா என்றார். கலைவாணி மரியசெல்வியைப் பார்த்தார். அப்புறம், “எஸ், ப்ளீஸ்” என்றார். எல்லாம் பத்து விநாடிகூட இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே போகச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதானே. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அதிகாரியிடம் கெஞ்சினேன். எங்கள் ஊரில் ஒன்றை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் அவருக்குக் கொடுங்கள் என்பார்கள், நீட்டினவர் விடாமல் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் சொன்ன பிறகுதான் வாங்குவார்கள், முதல் தடவையே கையை நீட்டினால் பறக்காவெட்டி என்று பெயர் வந்துவிடும், அது மறுப்பு இல்லை, மரியாதை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நான் தெளிவாகக் கேட்டேன், அவர் தெளிவாக மறுத்தார். வற்புறுத்தி அழைத்துப்போனவர்கள் இரண்டு மாதத்தில் அழுதுகொண்டு திரும்பிவிடுகிறார்கள். நிறையப் பார்த்துவிட்டேன். கொடுத்த இடத்தை இன்னொருவரிடமிருந்து பிடுங்கவும் முடியாது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

லாட்ஜ் வாசலில் கலைவாணி அழுதுகொண்டு நின்றார். “நான் வேணாம்னு சொல்லிட்டு வந்துடவா சார்? எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல” என்றார். மரியசெல்விதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கிறுக்கு மாதிரி பேசாத. ஒன்னையக் கேட்டாக, நீ சரின்ன. இதுல என்ன இருக்கு, போய்ட்டு வா” என்றார். வேனில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியவர்தான், அரிமளம் வரைக்கும் முகத்தைத் திருப்பவில்லை. இறங்கும்போது மட்டும், “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரவி வீட்டில் அன்றைக்கு எனக்காகவே கறிக்கோலா உருண்டை செய்திருந்தார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. “விடு மாப்ள, அவ தலையெழுத்து” என்றான் ரவி. தலையெழுத்து என்ன தலையெழுத்து, போர்டில் எழுதினவன் நான். வாத்தியாராகும் முன் நானும் கட்டட வேலைக்குத்தான் சிங்கப்பூர் போனேன். முதல் வாரம் சைட்டில் சூப்பர்வைசர் ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டி, வேண்டுமா என்றார். நோ, தேங்க் யூ என்றேன். ஓகே என்று அதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். இந்தக் கதையை எத்தனையோ விருந்துகளில் சொல்லி எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. அது பாடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாக்கியம் சரியா, உச்சரிப்பு சரியா, முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை.

மறுநாள் ஜெகதாப்பட்டினம் போனேன். வழியில் பஸ்காரர் மீன் கூடைகளை ஏற்றமாட்டேன் என்று இரண்டு பெண்களோடு கால் மணி நேரம் சண்டை பிடித்தார். கடைசியில் கூடைகளும் ஏறின, சண்டையும் கூடவே வந்தது. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். ஐஸ் பிளான்ட் தாண்டி, துறைமுகத்துக் கொட்டகையில் மரியசெல்வியைப் பார்த்தேன். நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து இறாலைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“இம்புட்டு தூரம் எதுக்கு சார் வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல.”

“வீட்டுக்காரர் இருக்காராம்மா?”

“அவுக காலையிலயே கடலுக்குப் போயிட்டாக சார்.”

தப்பு என் மேலதாம்மா என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை. “நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க சார். நாந்தான வேணாம்னேன். மேடம் இன்னொரு வாட்டி கேப்பாகன்னு இருந்துட்டேன்” என்றார். அடுத்து ஆள் எடுக்கும்போது கட்டாயம் சொல்கிறேன் என்றேன். சரிங்க சார் என்றார். எப்போது என்று கேட்கவில்லை.

கிளம்பலாம் என்று திரும்பினேன். “சார், ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“கேளும்மா.”

“அங்கிட்டு ஒரு வாட்டிதான் கேப்பாகன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். நம்பவும் செய்திருப்பார்.

“தெரியும்மா” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. குனிந்து உட்கார்ந்து இறால் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஆறு நாளு இருந்துச்சே சார்” என்றார்.